ராத்திரி நன்றாக இருந்த ஏரி... விடிந்தால் மீன்கள் செத்து மிதப்பது ஏன்?

கொல்லிமலை அடிவாரத்து ஏரிகள் சொல்லும் பச்சைக் கணக்கு!

நாமக்கல் மாவட்டம், சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்குப் போய், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. சுற்றுலா வருபவர்களின் கண்ணெல்லாம் மலை மேலேயே இருக்கும். வழியில் இருக்கும் ஏரிகளை யாரும் வண்டியை நிறுத்திப் பார்ப்பதில்லை.

ஆனால், அடிவாரத்து ஊர்களுக்கு அந்த ஏரிகள்தான் எல்லாம். மலையில் மழை பெய்தால் ஓடைகள் வழியாகத் தண்ணீர் இறங்கி வந்து ஏரிகளை நிரப்பும். ஏரி நிரம்பினால் சுற்றியுள்ள கிணறுகளில் தண்ணீர் ஏறும். ஆடு மாடுகளுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும். கூடவே மீன். ஏரியில் மீன் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் எடுப்பவர்கள், மழைக்குப் பிறகு குஞ்சுகளை விட்டு, கோடையில் தண்ணீர் வற்றுவதற்குள் பிடித்து விற்பார்கள். ஒரு சீஸனின் முதலீடு முழுக்கத் தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

அப்படிப்பட்ட ஏரியில் ஒருநாள் விடியற்காலை, கரையோரமெங்கும் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கும். முந்தைய நாள் சாயங்காலம்வரை துள்ளிக்கொண்டிருந்த மீன்கள். தமிழ்நாட்டின் ஏதாவது ஓர் ஊரிலிருந்து கோடைதோறும் இந்தச் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. ஊரில் எழும் முதல் சந்தேகம், "யாரோ மருந்து கலந்துட்டாங்க" என்பதாகத்தான் இருக்கும். பங்காளிச் சண்டையிலிருந்து ஏலப் போட்டிவரை பழைய பகையெல்லாம் அன்று கரைக்கு வந்துவிடும்.

சில இடங்களில் அந்தச் சந்தேகம் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், பல நேரங்களில் யாரும் எந்த மருந்தையும் கலந்திருக்க மாட்டார்கள். மீன்களுக்குச் சாப்பாடு போட்ட அதே பச்சை நிறம்தான், அன்று இரவு அவற்றின் மூச்சையும் பிடுங்கியிருக்கும். அது எப்படி?

தண்ணீருக்குள் ஒரு பயிர்

ஏரித் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். லேசான பச்சை தெரியும். அது அழுக்கு இல்லை. கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான நுண்பாசிகள். வேர், தண்டு, இலை எதுவும் கிடையாது. ஆனால், வயலில் நெல் செய்யும் அதே வேலையைத்தான் இவையும் செய்கின்றன. வெயிலை வாங்கி, தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை எடுத்து, உணவு தயாரிக்கின்றன. அந்த வேலையின்போது ஆக்சிஜனை வெளியே விடுகின்றன. தாவர மிதவை உயிரிகள் என்று பாடப்புத்தகம் சொல்வது இவற்றைத்தான்.

இந்தப் பயிரை மேய்வதற்கு ஒரு மந்தையும் உண்டு. அதே டம்ளரில் வெள்ளைப் புள்ளிகள் போலச் சில, துள்ளித் துள்ளி நகரும். டாப்னியா, சைக்ளாப்ஸ் போன்ற விலங்கு மிதவை உயிரிகள் அவை. ஊசி முனை அளவுதான் இருக்கும். நாள் முழுக்க நுண்பாசிகளைச் சலித்துச் சலித்துத் தின்றுகொண்டே இருப்பவை.

இதில் சைக்ளாப்ஸை நம் தாத்தா பாட்டி காலத்து ஆட்களுக்கு வேறு விதத்தில் தெரியும். காலில் கொப்புளம் வந்து, அதிலிருந்து நூல் போலப் புழு வெளியே வரும் நரம்புச் சிலந்தி நோய் அந்தக் காலத்தில் பெரிய பயம். அந்தப் புழுவின் குஞ்சுகளைச் சுமந்தது இந்த சைக்ளாப்ஸ்தான். தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடிக்கச் சொன்னதே, அதைத் தடுத்து நிறுத்துவதற்குத்தான். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் கண்டறியப்பட்டார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம், இந்தியாவை இந்த நோய் இல்லாத நாடாக அறிவித்தது. நோய் போய்விட்டது. சைக்ளாப்ஸ் இன்னும் ஏரிகளில் இருக்கிறது, மீன்களுக்குச் சாப்பாடாக!

பத்தில் ஒன்றுதான் மிஞ்சும்

ஏரியில் நடப்பது எல்லாம் ஒரு வரவு செலவுக் கணக்குதான் என்று முதலில் போட்டுக் காட்டியவர், ரேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் ஒரு சின்ன ஏரியில் பாசி எவ்வளவு, அதைத் தின்னும் பூச்சி எவ்வளவு, அதைத் தின்னும் மீன் எவ்வளவு என்று ஆண்டுக்கணக்கில் அளந்தார். அவர் எழுதிய கட்டுரையை முதலில் நிராகரித்தார்கள். பிறகு ஏற்றுக்கொண்டார்கள். 1942-ல் அது அச்சில் வருவதற்கு முன்பே, 26 வயதில் லிண்டமன் இறந்துபோனார். இன்றைக்கு உலகம் முழுக்கச் சூழலியல் மாணவர்கள் படிக்கும் பாடம் அது.

அந்தப் பாடத்தின் சாரம் இதுதான். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது, தோராயமாகப் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது. மீதி மூச்சு விடுவதிலும், ஓடியாடுவதிலும், கழிவாகவும் போய்விடும். ஏரியில் 1,000 கிலோ பாசி விளைந்தால், அதைத் தின்னும் விலங்கு மிதவைகள் 100 கிலோ. அவற்றைத் தின்னும் மீன் 10 கிலோ. அந்த மீனைத் தின்னும் விரால் 1 கிலோ! இது கணக்குப் புரிவதற்கான உதாரணம்தான். ஒவ்வொரு ஏரியிலும் இந்த விகிதம் கூடும், குறையும். ஆனால், விரால் ஏன் எப்போதும் விலை அதிகம் என்பதற்கான காரணங்களில் ஒன்று இந்தக் கணக்கிலும் ஒளிந்திருக்கிறது.

இந்தக் கணக்கு புரிந்ததால்தான், ஏரி மீன் வளர்ப்பில் கட்லா, ரோகு, மிர்கால் என்ற மூன்றையும் சேர்த்து விடுகிறார்கள். மூன்றும் பாசிக்குப் பக்கத்துப் படியில் இருப்பவை. அதிலும் ஒன்றோடு ஒன்று சண்டைக்குப் போகாதவை. கட்லா மேல்மட்டத்தில் வாயை அகலமாகத் திறந்துகொண்டு விலங்கு மிதவைகளைத் தின்னும். ரோகு நடுமட்டத்தில் மேயும். மிர்கால் அடியில் மட்கிப்போனதைத் தின்னும். ஒரே வீட்டில் மூன்று தளங்கள், மூன்று சமையலறைகள்!

இந்த மூன்றுமே வடக்கில் ஓடும் கங்கைச் சமவெளியின் மீன்கள். ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும், தேங்கிய ஏரியில் இடாது. அதனால் ஒரு காலத்தில் ஆற்றிலிருந்து குஞ்சுகளைப் பிடித்துத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. 1957-ம் ஆண்டு ஜூலை 10-ம் தேதி, ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி என்ற விஞ்ஞானி, மீனின் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, கெண்டை இன மீன்களைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார். அந்த நாள்தான் இப்போது தேசிய மீன் விவசாயிகள் தினம். கொல்லிமலை அடிவாரத்து ஏரிக்கு ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் மீன்குஞ்சு வந்து இறங்குகிறதென்றால், அதற்குப் பின்னால் அந்த ஊசி இருக்கிறது.

கோழி எருவும் சேகோ தண்ணீரும்

பயிருக்கு உரம் வேண்டும். தண்ணீருக்குள் இருக்கும் பயிருக்கும் அப்படித்தான். அதிலும் எந்த உரம் முக்கியம் என்பதை 1973-ல் கனடாவில் ஒரு சோதனை பளிச்சென்று காட்டியது. டேவிட் ஷிண்ட்லர் தலைமையிலான குழு, ஒன்டாரியோ மாநிலத்தில் '226' என்று எண்ணிட்ட ஓர் ஏரியின் நடுவில் திரை கட்டி, இரண்டு பாதியாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் விழுந்த பாதி மட்டும் பச்சைப் பசேலென்று மாறியது. மேலே பறந்து எடுத்த படத்தில் ஒரே ஏரி இரண்டு நிறங்களில் தெரிந்தது. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்க வேண்டும் என்று பல நாடுகள் சட்டம் போட்டபோது, அந்தப் படமும் பெரிதாகப் பேசப்பட்டது.

இப்போது நாமக்கல்லுக்கு வருவோம். தினமும் கோடிக்கணக்கில் முட்டை விளையும் மாவட்டம். கோழிக்குத் தீவனம் மக்காச்சோளமும் பிண்ணாக்கும். அந்தத் தானியங்களில் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதியைக் கோழியின் குடலால் சரியாகச் செரிக்க முடியாது. எச்சத்தோடு வெளியே வந்துவிடும். அதனால்தான் கோழி எரு, தோட்டத்துக்கு அவ்வளவு நல்ல உரம். மீன் குளத்துக்கும் நல்ல உரம்தான். கொஞ்சம் போட்டால் பாசி வளரும், பாசியால் டாப்னியா பெருகும், டாப்னியாவால் கட்லா கொழுக்கும்.

பிரச்னை அளவில்தான் இருக்கிறது. குளத்தில் வேண்டுமென்றே போடும் எரு போக, ஓடையோரத்தில் குவித்து வைத்திருக்கும் எரு மழையில் கரைந்து வரும். வயலில் தூவிய டி.ஏ.பி கொஞ்சம் வரும். ஊரின் சாக்கடையும் துணி துவைத்த தண்ணீரும் வரும். ஒவ்வொருவரும் போட்டது கொஞ்சம்தான். ஆனால், ஏரி எல்லாவற்றையும் ஒரே கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறது.

இந்தப் பகுதியின் இன்னொரு தொழில் சேகோ. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் மரவள்ளிக் கிழங்கு, ஆலைகளில் அரைபட்டு ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் மாறுகிறது. இவற்றை விற்பதற்காகவே 1981-ல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்ற கூட்டுறவு அமைப்பு தொடங்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில். ஆனால், கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவு படிந்த பிறகு வெளியேறும் தண்ணீரில் மாவும் சர்க்கரையும் கரைந்திருக்கும். சுத்திகரிக்காமல் அது ஏரிக்குப் போனால், பாக்டீரியாக்களுக்குக் கல்யாண விருந்து. அவை அந்த மாவைத் தின்று பெருகும்போது, தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் சேர்த்தே தின்றுவிடும். இந்தக் கழிவுநீரிலிருந்தே எரிவாயு எடுத்துப் பயன்படுத்தும் ஆலைகளும் இப்பகுதியில் இருக்கின்றன. வழி இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த ஓர் இரவில் என்ன நடக்கிறது?

பாசி பகலில்தான் ஆக்சிஜனைக் கொடுக்கும். இரவில் அதுவும் நம்மைப் போல மூச்சு விடும், ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மீன், டாப்னியா, அடிச்சேற்றில் இருக்கும் பாக்டீரியா எல்லாமே இரவு முழுக்க ஒரே பாத்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும். போடுவதற்கு ஆள் கிடையாது. காற்று அடித்தால் மேல்மட்டத்தில் கொஞ்சம் கரையும், அவ்வளவுதான். ஆக, ஒரு நாளில் ஏரியின் ஆக்சிஜன் மிகவும் குறைவாக இருக்கும் நேரம், சூரியன் உதிப்பதற்குச் சற்று முன்பு.

இதில் வெயிலின் பங்கும் உண்டு. தண்ணீர் சூடாகச் சூடாக அது பிடித்துவைக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். கெண்டை மீன்கள் நன்றாக வளர 5 மில்லிகிராமாவது வேண்டும். 2-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து.

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். கோடை. ஏரியில் தண்ணீர் குறைந்து, அதே மீன்கள் சின்ன இடத்தில் நெருக்கமாக இருக்கின்றன. தண்ணீர் அடர்பச்சை. பகலெல்லாம் மேகமூட்டம், அதனால் பாசி போதுமான ஆக்சிஜனைத் தயாரிக்கவில்லை. இரவில் காற்றும் இல்லை. குறைந்த சேமிப்போடு தொடங்கிய இரவு, விடிவதற்குள் கையிருப்பைக் காலி செய்துவிடுகிறது. நான்கு, ஐந்து மணி வாக்கில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீருக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய அடுக்கில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனுக்கான கடைசிப் போராட்டம் அது. பார்ப்பவர்களுக்கு மீன் விளையாடுவது போலத் தெரியும்.

சில நேரம் அடர்ந்த பாசி மொத்தமாக ஒரே நாளில் செத்து அழுகும். அப்போது நிலைமை இன்னும் மோசம். ஆக்சிஜனைக் கொடுப்பதற்கு ஆள் இல்லை, அழுகும் பாசியைத் தின்னும் பாக்டீரியாக்கள் இருப்பதையும் உறிஞ்சிவிடும்.

இதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. புகார் போய், காலை பதினொரு மணிக்கு ஆள் வந்து தண்ணீரை அளந்தால், பல நேரங்களில் ஆக்சிஜன் சரியாகவே இருக்கும். வெயில் வந்து, மிச்சமிருக்கும் பாசி மறுபடியும் வேலையைத் தொடங்கியிருக்கும். "தண்ணியில ஒண்ணும் குறை இல்லை" என்றால், ஊருக்கு மிஞ்சுவது விஷம் என்ற சந்தேகம் மட்டும்தான்.

விஷமா, மூச்சுத்திணறலா?

ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பே, கரையில் நின்று பார்த்து ஓரளவு பிரித்துச் சொல்ல முடியும்.

* விடியற்காலையில் செத்திருந்தால் மூச்சுத்திணறலாக இருக்க வாய்ப்பு அதிகம். விஷத்துக்கு நேரம் காலம் கிடையாது.

* மூச்சுத்திணறலில் பெரும்பாலும் பெரிய மீன்கள்தான் முதலில் விழும். பூச்சிக்கொல்லி என்றால் குஞ்சும் குறுமீனும் முதலில் சாகும். நீர்ப்பூச்சிகள், தவளைகளும் செத்துக்கிடக்கும்.

* விரால், குரவை, தேளி போன்றவை தண்ணீருக்கு மேலே வந்து காற்றையே நேரடியாகச் சுவாசிக்கக்கூடியவை. கட்லா எல்லாம் செத்து, விரால் மட்டும் தெம்பாக இருந்தால், குற்றவாளி ஆக்சிஜன் பற்றாக்குறைதான் என்று பெருமளவு நம்பலாம்.

எதுவாக இருந்தாலும் உறுதி செய்ய வேண்டியது ஆய்வகம்தான். அதற்கான தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில், விடிவதற்கு முன்போ, மீன் சாகும் அந்த நேரத்திலோ எடுத்து வைக்க வேண்டும். அதே நேரத்தில் செல்போனில் எடுக்கும் படமும் வீடியோவும்கூட மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பெரிய உதவி. செத்த மீனை மட்டும் யாரும் சமைக்கக் கூடாது. "கொஞ்ச நேரம் முன்னாடிதான் செத்துச்சு" என்று விலை குறைத்து விற்றாலும் வாங்கக் கூடாது.

எல்லாப் பச்சையும் சாப்பாடு இல்லை

பச்சையிலும் ரகம் உண்டு. மீனுக்கு உதவுகிற பச்சை ஒன்று, யாருக்கும் உதவாத பச்சை இன்னொன்று.

எஸ்.வி. கணபதி என்ற ஆய்வாளர், கோயில் குளம் ஒன்று எப்போதும் பச்சையாகவே இருப்பதைக் கவனித்து ஆராய்ந்தார். அந்தக் கட்டுரை 1940-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் வெளியானது. குளத்தை ஆக்கிரமித்திருந்தது 'மைக்ரோசிஸ்டிஸ்' என்ற நீலப்பச்சைப் பாசி. அவரைத் தொடர்ந்து ஏ. சீனிவாசன் போன்றவர்கள் 1960-களில் மேட்டூர், அமராவதி அணைகளில் பாசி எவ்வளவு விளைகிறது, அதில் எவ்வளவு மீனாகிறது என்று அளந்தார்கள். ஏரியை ஒரு வயல் போல அளக்கும் வேலை தமிழ்நாட்டில் அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்திருக்கிறது.

மைக்ரோசிஸ்டிஸின் தந்திரம் இரண்டு. அதன் செல்களுக்குள் சின்னச் சின்னக் காற்றுப்பைகள் உண்டு. அதனால் மேலே மிதந்துவந்து வெயிலை முதலில் பிடித்துக்கொள்ளும். கீழே இருக்கும் நல்ல பாசிகளுக்கு நிழல்தான் மிச்சம். அடுத்தது, நிறைய செல்கள் வழவழவென்று ஒட்டிக்கொண்டு கட்டியாக இருக்கும். டாப்னியாவின் சின்ன வாய்க்கு அது அடங்காது. அதில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நச்சையும் சுரக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மாடுகளுக்கும் ஆபத்து.

ஆக, ஏரி பெயின்ட் ஊற்றியது போலப் பச்சையாக இருக்கும். ஆனால், அடுத்த படியில் இருக்கும் டாப்னியா பட்டினி. அதற்கும் அடுத்த படியில் இருக்கும் கட்லா இளைத்துப்போகும். களஞ்சியம் நிறைய நெல் இருந்தும் உரலில் போட்டுக் குத்த முடியாத நிலைமை.

இது சின்ன ஏரிகளோடு நிற்கிற விஷயமும் இல்லை. 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட, 93.47 டி.எம்.சி கொள்ளளவு கொண்ட மேட்டூர் அணையின் நீர்த்தேக்கப் பகுதியிலேயே தண்ணீர் பச்சையாகி நாற்றம் அடிப்பதாகக் கரையோர மக்கள் புகார் சொல்வதும், நுண்ணுயிரிக் கரைசல் தெளிக்கப்படுவதும் சமீப ஆண்டுகளில் திரும்பத் திரும்பச் செய்தியாகியிருக்கிறது. மேட்டூருக்கே அந்தக் கதி என்றால், வருடத்தில் சில மாதங்கள் மட்டும் தண்ணீர் நிற்கும் ஏரி என்ன செய்யும்?

காணாமல் போகும் பொடி மீன்கள்

ஏரி கெட்டால் முதலில் தெரிவது கட்லாவின் நஷ்டம்தான். ஏனென்றால், அதற்கு ஏலத்தொகை உண்டு, எடை உண்டு, விலை உண்டு. கணக்கில் வராமல் காணாமல் போவது அயிரை, கெண்டைப்பொடி போன்ற நாட்டுப் பொடி மீன்கள்.

அவற்றுக்குப் பல பக்கம் நெருக்கடி. ஒன்று, தண்ணீர் கெடுவது. இன்னொன்று, ஜிலேபி. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பாசியையும் தின்னும், மட்கியதையும் தின்னும். குஞ்சுகளை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். மற்ற மீன்கள் தாங்காத மோசமான தண்ணீரையும் ஓரளவு தாங்கும். அதனால் ஏரி கெடக் கெட, ஜிலேபியின் கை ஓங்கும். ஏரி நிறைய ஜிலேபி இருக்கும், ஆனால் கை விரல் அளவைத் தாண்டாது.

பொடி மீன் போனால் என்ன என்று கேட்கலாம். அவற்றை முள்ளோடும் தலையோடும் சேர்த்து அப்படியே குழம்பு வைத்துச் சாப்பிடுகிறோம். அதனால் கால்சியம், இரும்புச்சத்து, துத்தநாகம் எல்லாம் வீணாகாமல் கிடைக்கிறது. சில வகைகளில் வைட்டமின் ஏ மிக அதிகம். வங்கதேசத்தில் இதை ஆராய்ந்து, குளங்களில் பெரிய கெண்டைகளோடு பொடி மீன்களையும் சேர்த்தே வளர்க்கலாம் என்று காட்டியவர், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சகுந்தலா தில்ஸ்டெட். அதற்காக 2021-ம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. கட்லா சந்தைக்குப் போகும். கரையோரத்துக் குழந்தையின் தட்டுக்கு வருவது பெரும்பாலும் பொடி மீன்தான்.

முழங்கைவரை கை விட்டுப் பாருங்கள்

ஏரியின் உடல்நிலையைத் தெரிந்துகொள்ள லட்ச ரூபாய்க் கருவி தேவையில்லை. 1865-ல் ஆஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார், போப்பாண்டவரின் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கினார். தட்டு எந்த ஆழத்தில் கண்ணிலிருந்து மறைகிறதோ, அதுதான் தண்ணீரின் தெளிவு. இன்றும் உலகம் முழுக்க ஏரிகளை இந்த முறையில் அளக்கிறார்கள்.

மீன் வளர்ப்பவர்களிடம் இதைவிடவும் எளிதான வழி இருக்கிறது. கையை நீட்டித் தண்ணீருக்குள் விட வேண்டும். தண்ணீர் முழங்கையைத் தொடும்போது உள்ளங்கை மறைந்தால், பாசி அளவாக இருக்கிறது. முழங்கையையும் தாண்டி இறக்கிய பிறகும் உள்ளங்கை பளிச்சென்று தெரிந்தால், மீனுக்குச் சாப்பாடு குறைவு. மணிக்கட்டு நனைவதற்குள்ளேயே உள்ளங்கை மறைந்துவிட்டால் ஆபத்து. ஒரே ஒரு விஷயம்... தண்ணீர் பச்சையாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. மழை முடிந்து செந்நிறத்தில் இருந்தால் அது வெறும் மண் கலங்கல்.

ஆபத்து என்று தெரிந்தால் என்ன செய்வது?

* எருவையும் தீவனத்தையும் உடனே நிறுத்த வேண்டும். மேகமூட்டமான நாளில் கண்டிப்பாகப் போடக் கூடாது.

* மீன் வாயைத் திறந்தபடி மேலே வந்தால், ஏரித் தண்ணீரையே மோட்டாரில் இழுத்து, மேலேயிருந்து சிதறி விழும்படி ஏரியிலேயே கொட்டலாம். சிதறும் ஒவ்வொரு துளியும் காற்றைச் சேர்த்துக்கொண்டு விழும். நல்ல தண்ணீர் கிடைத்தால் அதையும் விடலாம்.

* விற்கும் அளவு மீனை முன்கூட்டியே பிடித்து, நெருக்கத்தைக் குறைக்கலாம். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, இது கட்டாயம்.

* செத்த மீன்களை அப்படியே விட்டால் அழுகி, மிச்சம் இருக்கும் ஆக்சிஜனையும் தின்னும். உடனே அள்ளி, ஏரிக்குத் தள்ளி, சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

இதெல்லாம் முதலுதவிதான். மருத்துவம் வேறு. அது ஏரிக்கு வெளியே, வரத்து ஓடைகளில் இருக்கிறது. எருக்குவியலை ஓடையிலிருந்து தள்ளி வைத்து மூடுவது, ஓடை ஏரியில் சேரும் இடத்தில் கோரையையும் புல்லையும் வெட்டாமல் விட்டுவைப்பது, ஊர்ச் சாக்கடையைத் திருப்புவது, ஆலைத் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்ட பிறகுதான் வெளியே வருகிறதா என்று கேட்பது. கோரையும் புல்லும் தங்கள் வளர்ச்சிக்காகவே அந்தப் பாஸ்பரஸைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். வேகமாக வரும் தண்ணீரை மெதுவாக்கி, வண்டலை அங்கேயே நிறுத்தும். செலவில்லாத காவல்காரர்கள்.

ஏரியை ஏலம் எடுத்தவர் ஒருவர்தான். ஆனால், ஏரிக்குள் வந்து சேரும் தண்ணீருக்கு ஊர் முழுக்கப் பொறுப்பு. கோழிப்பண்ணை வைத்திருப்பவர், மரவள்ளி அரைப்பவர், வயலுக்கு உரம் போடுபவர், வீட்டில் துணி துவைப்பவர் என எல்லோரும் அந்தப் பச்சைக்குக் கொஞ்சம் கொஞ்சம் உரம் போடுகிறார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது, ஏரியைப் பொறுத்தவரை வெறும் பழமொழி இல்லை, தினம் விடியற்காலையில் நடக்கும் கணக்கு.

அடுத்த முறை கொல்லிமலைக்குப் போகும்போது, வளைவு ஏறும் அவசரத்தில் ஐந்து நிமிடத்தை அடிவாரத்து ஏரிக்கு ஒதுக்குங்கள். கரையில் உட்கார்ந்து, கையை முழங்கைவரை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை எங்கே மறைகிறது என்பதில், அந்த ஊரின் அடுத்த கோடை தெரியும்.